தன் மனுவை எதிர்த்து மனு போட்டவர்

தஞ்சாவூர்ச் சீமையில் மனு போடாத மனிதரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். தண்ணீர் வரவில்லை என்று ஒரு மனு; வந்த தண்ணீர் வடியவில்லை என்று அடுத்த மனு. பட்டாவில் பெயர் தப்பு, பஸ் நிற்பதில்லை, தெருவிளக்கு எரிவதில்லை, எரிகிற விளக்கு பகலிலும் எரிகிறது. எந்த மனுவை எடுத்துப் பார்த்தாலும் தப்பு அடுத்தவருடையதாகத்தான் இருக்கும். ‘ஐயா, நான் முன்பு கொடுத்த மனுவே தப்பு. அதை நம்பி நீங்கள் செய்த வேலையும் தப்பாகிவிட்டது. தயவுசெய்து மாற்றிக் கொடுங்கள்’ என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு, கொடுத்ததற்கு ரசீதும் கேட்டு வாங்கிய ஒருவர் இருக்கிறார். கல்மதகு பஞ்சநதம் என்று பெயர்.

பஞ்சநதத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆற்றுப் பாசனத்தில் லஸ்கர் வேலை. ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் மதகின் ஷட்டரை ஏற்றி இறக்கி, எந்த ஊருக்கு எவ்வளவு தண்ணீர் போக வேண்டுமோ அவ்வளவை விடுகிற ஆள். சம்பளம் சின்னது, வசவு பெரியது. மேல்மடைக்காரன் வயலில் தண்ணீர் தேங்கினாலும் லஸ்கரைத்தான் திட்டுவான். கடைமடைக்காரன் வயல் காய்ந்தாலும் லஸ்கரைத்தான் திட்டுவான். முப்பத்திரண்டு வருஷமாக இரண்டு பக்கத்து வசவையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்டவர். தண்ணீர் எங்கே திரும்பும், எங்கே கரையை அரிக்கும், எங்கே சோர்ந்து நிற்கும் என்பதெல்லாம் அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். அந்த ஞானம்தான் ஒரு தடவை அவரைக் குப்புறக் கவிழ்த்தது.

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் போகிற வழியில் இருக்கிறது கல்மதகு நாலு ரோடு. மெயின் ரோடு வளைகிற அதே இடத்தில் ஊர்த்தெரு ஒரு பக்கமும் பள்ளிக்கூடத்துத் தெரு ஒரு பக்கமும் வந்து சேரும். கிழக்கே வீடுகள். மேற்கே பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை. ஊரில் பாதிப்பேர் தினம் இரண்டு தடவையாவது அந்த ரோட்டைக் கடந்தாக வேண்டும். முன்பு அந்த வளைவு ரொம்பக் குறுகல். பஸ் திரும்பினால் பின்சக்கரம் ஓரத்துக் கல்லில் ஏறி இறங்கும். எதிரே லாரி வந்துவிட்டால் இரண்டு டிரைவர்களும் கீழே இறங்கி, ஒருவர் பரம்பரையை மற்றவர் விசாரித்து முடித்து, யாராவது ஒருவர் வண்டியைப் பின்னால் எடுக்கக் கால்மணி நேரம் ஆகும். ஹாரன் சத்தத்தில் அங்கன்வாடிக் குழந்தைகள் மத்தியானத்தில் தூங்கியதே இல்லை.

பஞ்சநதம் இதை லஸ்கர் கண்ணால் பார்த்தார். மடைவாயைக் குறுக்கினால் தண்ணீர் சீறிப் பாயும், கரையை அரிக்கும். வாயை அகலமாக வெட்டிவிட்டால் அதே தண்ணீர் அடங்கிப் பசு மாதிரி நடக்கும். டெல்டாவில் மண்வெட்டி பிடித்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

“ரோடும் வாய்க்கால்தாங்க. வாய் சின்னதா இருக்கு, அதான் முட்டுது, சீறுது. அகலமா வெட்டி விட்டா எல்லாம் தானா அடங்கிரும்” என்று அவர் டீக்கடையில் சொன்னபோது ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் மண்வெட்டி பிடித்தவர்கள்.

மனு எழுதி, வீடு வீடாக ஏறி நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினார். அங்கன்வாடியில் சமைக்கிற பூவம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, “எங்கண்ணே போடணும்?” என்று மட்டும் கேட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக்கூட இல்லை. லஸ்கர் அண்ணன் நீட்டினால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

மனு ஜெயித்தது. சித்திரையில் வந்து ஓரத்துக் கற்களைப் பிடுங்கினார்கள், வளைவை வெட்டி அகலமாக்கினார்கள், பளபளவென்று தார் போட்டார்கள். ஊர் சேர்ந்து பஞ்சநதத்துக்குச் சால்வை போர்த்தியது. நாலு ரோட்டில் பிளெக்ஸ் வைத்தார்கள். அவர் படத்துக்குக் கீழே ‘சாலை விரிவாக்க நாயகர்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. உள்ளுக்குள் இனிக்கவும் செய்தது, பொய் சொல்வானேன்?

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது அதற்கப்புறம்தான். வளைவில் தயங்கித் தயங்கித் திரும்பிய வண்டிகள் இப்போது தயங்குவதே இல்லை. முக்கில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அன்சார்தான் அதை முதலில் சொன்னார். “லஸ்கர் அண்ணே, முன்னெல்லாம் இங்க வண்டி திரும்புனா டிரைவர் மூஞ்சி தெரியும். இப்ப வண்டி என்னா கலருன்னே தெரிய மாட்டேங்குது.” பஞ்சநதம் சிரித்துக்கொண்டார். புதுத் தார், போகப் போகப் பழகிவிடும் என்றார்.

வைகாசிக் கடைசியில் ஒரு காலையில் பூவம்மாள் முட்டைத் தட்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். வளைவில் வேகம் குறைக்காமல் வந்த கார் அவளைத் தூக்கிப் போட்டது. உயிர் தப்பியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போன பஞ்சநதம் கட்டிலருகே நின்றார். அவள்தான் பேசினாள். “நீங்க என்னண்ணே பண்ணுவீங்க? என் நேரம்.” அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பார், வசவு அவருக்குப் பழக்கம். இந்த ஆறுதல்தான் அவரைக் குத்தியது.

மூன்று மாதத்தில் கால் கூடியது. மனசு கூடவில்லை. வேலைக்குத் திரும்பிய பூவம்மாள் நாலு ரோட்டுப் பக்கமே போகவில்லை. வாய்க்கால் கரையோடு தெற்கே நடந்து, நடைபாலம் ஏறி இறங்கி, பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கமாக வந்து சேருவாள். முன்னூறு அடி தூரத்துக்கு இரண்டு கிலோமீட்டர், அதுவும் நொண்டிக்கொண்டு. கரைவழி பஞ்சநதத்தின் மதகைத் தாண்டித்தான் போகிறது. தினமும் காலையில் ஷட்டர் பக்கத்தில் நிற்கிற அவரைப் பார்த்து, “வரேண்ணே, நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு அவள் போவாள். அந்த நடையைப் பார்த்துக்கொண்டு அவர் நிற்பார். பூவம்மாள் மறுபடி நேர் வழியில் நடக்க வேண்டும். அதற்கப்புறம் அவர் மனசில் இருந்தது அந்த ஒன்றுதான்.

சரி, என்ன தப்பு நடந்தது? தெரியாததை அளந்து பார்ப்பது அவர் வழக்கம். ஆற்றில் தண்ணீரின் வேகம் தெரிய வேண்டுமானால் கரையில் இரண்டு இடத்தில் குறி வைத்து, ஒரு குச்சியை மிதக்கவிட்டு, முதல் குறியிலிருந்து அடுத்த குறிக்கு வர எத்தனை செகண்டு ஆகிறது என்று பார்ப்பார்கள். நாலு ரோட்டில் அதையே செய்தார். நூறு அடி இடைவெளியில் சுண்ணாம்பால் இரண்டு கோடு. குச்சிக்குப் பதில் வண்டி. கையில் செல்போன், மடியில் கோடு போட்ட நோட்டு. காலை எட்டரை, மத்தியானம், சாயங்காலம் நாலரை என்று மதகில் அளவு எழுதுகிற மாதிரியே எழுதிவைத்தார்.

“என்னண்ணே, வண்டிக்கும் முறைப்பாசனமா?” என்று அன்சார் கேலி செய்தார். ஊரும் சேர்ந்து சிரித்தது. ஆனால் நோட்டு சிரிக்கவில்லை. நூறு அடிக்கு இரண்டு செகண்டு, சில வண்டிக்கு அதுகூட இல்லை. வாயை அகலப்படுத்தினால் அடங்க வேண்டியது இப்படிச் சீறுகிறதே! முப்பத்திரண்டு வருஷப் படிப்பும் பொய்யா?

புரட்டாசியில் குறுவை அறுப்பு வந்தது. வானம் மூடிக்கொண்டே நின்றது. ஈர நெல்லைக் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள், காயவைக்கக் களம் போதாது. ஒரு நாள் வெயில் தலைகாட்டியதும் நாலைந்து பேர் சேர்ந்து நாலு ரோட்டு வளைவில், அந்த அகலமான புதுத் தாரில், பாதி ரோட்டை அடைத்து நெல்லைக் கொட்டிப் பரப்பிவிட்டார்கள். ஓரத்தில் காவலுக்குக் கருங்கல் வேறு. பஞ்சநதத்துக்குக் கோபம் தலைக்கேறியது. நெல்லில் பைக் சறுக்கி விழுந்தவர்களை அவர் கையால் தூக்கிவிட்டிருக்கிறார். சத்தம் போடத்தான் போனார். வாயைத் திறப்பதற்குள் தஞ்சாவூர் பஸ் வந்துவிட்டது.

வந்த பஸ் தயங்கியது. டிரைவர் தலையை நீட்டிப் பார்த்து, கருங்கல்லில் உரசாமல் ஊர்ந்து திரும்பினார். பஞ்சநதத்தின் கை தானாக செல்போனை அமுக்கியது. நூறு அடிக்கு ஆறு செகண்டு. அடுத்து வந்த லாரிக்கு ஏழு. ஒரு பைக்காரன் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டே போனான். அவன் போவதற்குள் திட்ட வந்த விஷயமே அவருக்கு மறந்துவிட்டது.

நேரே அன்சார் கடையில் போய் உட்கார்ந்தார். “அன்சாரு, தண்ணி, வாயக் குறுக்குனா சீறும். வண்டி ஏன்யா அடங்குது?”

அன்சார் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. “தண்ணிக்கு என்னண்ணே பயம்? அதுக்கென்ன பொண்டாட்டி பிள்ளையா, லைசென்ஸா? வண்டி ஓட்டுறவனுக்குப் பயம் உண்டுல்ல, எங்கயாவது உரசிருவோமோன்னு? அகலமா கெடந்தா அந்தப் பயம் போயிருது.”

தண்ணீருக்குப் பயம் கிடையாது. வாழ்நாள் பூராவும் தண்ணீரோடு கிடந்தவருக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றியதே இல்லை.

புரிந்ததும் அவர் முதலில் போனது எந்த ஆபீசுக்கும் இல்லை, பூவம்மாள் வீட்டுக்கு. அவள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“பூவம்மா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில உன் நேரம்னு சொன்னியே. உன் நேரம் இல்லம்மா. என் மனு.”

அவள் கை நின்றது.

“அகலமா வெட்டச் சொன்னவன் நான்தான். தப்பாச் சொல்லிட்டேன். மாத்தப் போறேன். நீ முன்ன மாதிரி நேரா நடந்து போவணும்.”

“நீங்க என்ன வேணா மாத்துங்கண்ணே. நான் அந்தப் பக்கம் வர மாட்டேன்” என்றாள் பூவம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. “அந்த எடத்த நெனச்சாலே காலு கூசுது.” பிறகு எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

இத்தோடு விட்டிருக்கலாம். பூவம்மாளே மன்னித்துவிட்டாள், ஊர் பிளெக்ஸ் வைத்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் நடுவே இந்தச் சுண்டைக்காயையா மறைக்க முடியாது? ஆனால் காந்தி ஜெயந்தி அன்று நடந்த கிராம சபையில் பஞ்சநதம் எழுந்து நின்றார். நோட்டைப் பிரித்து அளவுகளைப் படித்தார். ரோட்டை மறுபடி குறுக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள் என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: “அப்ப சால்வையத் திருப்பிக் குடுத்துருவீங்களா?”

“குடுத்துர்றேன்” என்றார் பஞ்சநதம். “பூவம்மா காலை யாரு திருப்பிக் குடுப்பா?”

சிரிப்பு அடங்கிவிட்டது. தீர்மானம் போட்டார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற உலகத்தில், முயலுக்கு நாலு கால் என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒரு நெஞ்சு வேண்டும். அந்த நெஞ்சு இந்த மெலிந்த மனிதருக்கு இருந்தது. ரோடு ஆபீசில் மனுவை வாங்கிய குமாஸ்தா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, “இத எந்த ஃபைல்லங்க சேக்குறது?” என்று அவரையே கேட்டார்.

அந்த மனு போய்ச் சேர்ந்த இடம் நல்ல இடம். ஹம்சத்வனி என்ற உதவிப் பொறியாளர், முப்பது வயசுக்குள் இருக்கும், ஒரு நாள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் நோட்டைத்தான் கேட்டாள். அன்சார் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தாள்.

“இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதி நான் பாத்ததில்ல, சார்.”

யாரைச் சார் என்கிறாள் என்று பஞ்சநதம் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க சொல்றது சரிதான். வளைவு எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகம். ஆனா சிமெண்ட்ல கட்டுறதுக்கு முன்னாடி, பஸ் திரும்புமான்னு பாக்கணும். பதினஞ்சு நாள் மண் மூட்டை அடுக்கிப் பாக்கலாமா?”

“மண் மூட்டைதானங்க மேடம்? கொரம்பு போடுறதே என் தொழில்” என்றார் பஞ்சநதம். ஆற்றில் தண்ணீர் குறைந்த காலத்தில் முளையடித்து, வைக்கோலும் மண் மூட்டையும் போட்டு, வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்புகிற தற்காலிகக் கரைக்குத்தான் கொரம்பு என்று பெயர். தார் ரோட்டில் கொரம்பு போட்ட முதல் லஸ்கர் அநேகமாக அவராகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வீடு காலி யூரியா சாக்கு கொடுத்தார்கள். மண் நிரப்பி, வளைவின் இரண்டு ஓரத்திலும் அடுக்கி, இருட்டில் தெரிய வெள்ளையடித்து, சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டினார்கள். முதல் நாளே பஸ்ஸின் பின்சக்கரம் இரண்டு மூட்டையைக் கிழித்துவிட்டது. டிரைவர் தலையை நீட்டி இந்தத் தடவை பஞ்சநதத்தின் பரம்பரையை விசாரித்தார். பஞ்சநதம் கோபப்படாமல் சக்கரத் தடத்தைக் குனிந்து பார்த்து, மூட்டைகளை ஒரு முழம் பின்னுக்கு நகர்த்தினார். அடுத்த நாள் ஒரு சாண் இடைவெளியில் பஸ் மெதுவாகத் திரும்பிப் போயிற்று.

“நடுவுல ஒரு ஐலண்ட் விட்டுட்டா நடக்குறவங்க பாதிப் பாதியா கடக்கலாம்” என்றாள் ஹம்சத்வனி.

“திட்டுன்னு சொல்லுங்க மேடம். நடுவுல திட்டு இல்லாட்டி ஆத்த எப்படிக் கடக்குறது?” என்றார். அன்றிலிருந்து அவள் வரைபடத்திலும் அது திட்டுதான். வளைவின் நடுவிலும் மூட்டை அடுக்கினார்கள்.

ஐப்பசி மழை கொட்டியது. சாக்குகள் ஊறிச் சரிந்தன. விடிந்ததும் மதகைப் பார்த்துவிட்டு வந்து அவற்றை மறுபடி அடுக்குவார். பள்ளிக்கூட நேரத்தில் குச்சியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு ஓரத்தில் நிற்பார். பதினைந்து நாள் முடிந்தபோது நோட்டில் ஐந்து செகண்டுக்குக் கீழே ஒரு கணக்கும் இல்லை. சைக்கிள்காரர்கள் ஓரத்தில் மிரளாமல் போனார்கள். டிரைவர்களும் ஒருவரையொருவர் முட்டிக்கொள்ளவில்லை, ஏனென்றால் போகிற வழியையும் வருகிற வழியையும் நடுத்திட்டு பிரித்துவிட்டது. மழை விட்டதும், மார்கழி பிறப்பதற்குள், மூட்டை இருந்த இடத்தில் சிமெண்ட் கரை வந்தது. நடுவில் ஒரு சாண் உயரத்துக்குத் திட்டு, இரண்டு பக்கமும் நடந்து கடக்க வெள்ளைப் பட்டை. அரசாங்கத்தில் இவ்வளவு சீக்கிரம் ஒரு வேலை நடந்ததை ஊர் இன்னமும் நம்பவில்லை.

எல்லாம் முடிந்துவிட்டது. பஞ்சநதத்துக்கு மட்டும் முடியவில்லை. சிமெண்ட் காய்ந்த பிறகும் தினம் காலையில் வந்து துணியோடு நின்றார். “இன்னும் எதுக்குண்ணே? அதான் வண்டி தானா நிக்குதே” என்று அன்சார் கேட்டால் தெற்கே திரும்பிப் பார்ப்பார். அங்கே வாய்க்கால் கரையில் ஒரு உருவம் இன்னும் நொண்டிக்கொண்டுதான் போய்க்கொண்டிருந்தது. அவர் போய் ஒரு தடவைகூட அவளைக் கூப்பிடவில்லை. தன் பேச்சை நம்பி அவள் ஒரு தடவை கையெழுத்துப் போட்டது போதும் என்று நினைத்தார்.

மார்கழியில் ஒரு காலை. பனி கலைந்தும் கலையாமலும் இருந்தது. ஊர்த்தெரு முனையில் பூவம்மாள் வந்து நின்றாள். சைக்கிள் இல்லை. கையில் ஒரு கூடை.

ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டும் போல் இருந்தது அவருக்கு. கட்டிப்போட்ட மாதிரி நின்றார். ஒரு பைக் போயிற்று. ஒரு பால் வண்டி போயிற்று. அவள் நகரவில்லை. மூன்றாவதாக ஒரு செங்கல் லாரி வளைவுக்கு வந்து, கரையைப் பார்த்து வேகம் தணிந்து, அவளைப் பார்த்து நின்றே விட்டது. டிரைவர் கையை வெளியே நீட்டி, போம்மா என்று காட்டினார்.

பூவம்மாள் இடது காலை முதலில் வைத்தாள். திட்டு வரைக்கும் போனாள். அங்கே ஏறி நின்று மூச்சு வாங்கினாள். அந்தப் பக்கம் தஞ்சாவூர் பஸ் வந்துகொண்டிருந்தது. பஞ்சநதத்துக்குக் கையில் துணி இருப்பதே நினைவில்லை. பஸ் தானாகவே நின்றது. அவள் இறங்கி மீதியையும் கடந்து, பள்ளிக்கூடத்துத் தெருவில் காலை வைத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் இல்லை.

அவள் அங்கிருந்து திரும்பி அவரைப் பார்த்தாள்.

“சாயங்காலம் நானே வந்துக்குவேண்ணே” என்றாள். “நீங்க இங்க நிக்க வேணாம். போய்த் தண்ணியப் பாருங்க.”

சொல்லிவிட்டு, கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போனாள்.